ஒருதரம் சொன்னோம்

மூச்சு அடைபட்ட ஒருவரின் கழுத்தில் துளை போடுவதா இல்லையா என்று தீர்மானிக்க டொக்டர்களுக்குக் கிடைப்பது ஒருசில நிமிடங்கள். ஒட்சிசன் இல்லாமல் மூளை அதற்குமேல் பொறுத்திருக்காது. அந்த நிமிடங்களில் நடந்ததை, அல்லது நடக்காமல் போனதை, பிறகு விளங்கிக்கொள்ள மாதங்கள் எடுக்கும், சிலவேளை வருடங்கள். குசினியில் நிற்கிற நாங்கள் இதைப்பற்றி ஏன் எழுதவேண்டும் என்று இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்கள் கேட்கலாம். கோப்பை கழுவுகிறவனுக்குக் குரல்வளையைப்பற்றி என்ன தெரியும்? எங்களில் ஒருவர் மட்டும் ஊரில் பல்கலைக்கழகம் போய் உயிரியல் படித்து, இரண்டாம் வருடத்தோடு நின்றவர். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. ஆனாலும் எழுதவேண்டியிருக்கிறது. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம். அதை முதலிலேயே சொல்ல இன்னும் துணிவு வரவில்லை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் றெஸ்ரோரண்டிலிருந்து நாலு பேரை முதலுதவி வகுப்புக்கு அனுப்பினார்கள். லண்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில், பிளாஸ்ரிக் பொம்மையின் நெஞ்சை அமுக்கிப் பழகுகிற ஒருநாள் வகுப்பு. படிப்பித்தவர் அம்புலன்சில் வேலைசெய்து ஓய்வுபெற்ற மனிதர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோருக்கும் கண் சொக்குகிற நேரம் பார்த்து அவர் ஒரு குறும்படத்தைப் போட்டார். முந்தின இரவு ஒரு மணிக்கு வேலை முடித்து வந்தவர்கள் நாங்கள். படம் தொடங்கியபோது பாதி நித்திரையில்தான் இருந்தோம்.

2005ஆம் ஆண்டு மார்ச் 29. இங்கிலாந்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இலேன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண், இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய், சைனஸ் தொந்தரவுக்காக ஒரு சாதாரண சத்திரசிகிச்சைக்குப் போகிறார். மயக்க மருந்து கொடுத்த சில நிமிடங்களுக்குள் அவருடைய மூச்சுப்பாதை அடைபட்டுவிடுகிறது. முகமூடி வைத்து ஊதிய காற்று உள்ளே போகவில்லை. வாய்வழியாகக் குழாய் இறக்கவும் முடியவில்லை. மயக்க மருந்து டொக்டர் ஒருவர், உதவிக்கு வந்த இன்னொரு மயக்க மருந்து டொக்டர், சத்திரசிகிச்சை நிபுணர் என்று மூன்று பேர் நிற்கிறார்கள். மூவரும் அனுபவசாலிகள். வேண்டிய உபகரணங்கள் எல்லாம் அந்த ஆஸ்பத்திரியில் இருக்கின்றன. ஆனால் மூவரும் வாய்வழியாகக் குழாயை இறக்குவதிலேயே குறியாக நிற்கிறார்கள். இப்படி ஒரு கட்டத்தில், வாய்வழியை விட்டுவிட்டுக் கழுத்தைத் திறக்கவேண்டும் என்பது அவர்கள் எல்லோரும் படித்த பாடம். இருபது நிமிடங்களுக்கு மேலாக ஒட்சிசன் அளவு 40 வீதத்துக்குக் கீழே கிடந்தது. பதின்மூன்று நாள் கழித்து அந்தப் பெண் இறந்துபோனார்.

இவ்வளவும் துயரமான ஒரு விபத்து என்று சொல்லிவிட்டுப் போகலாம். எங்களுடைய நித்திரையைக் கலைத்தது அடுத்ததாகச் சொன்ன விசயம். அந்த அறையில் தாதிமாரும் நின்றார்கள். அவர்களில் ஒருவர் கழுத்தைத் திறப்பதற்கான கருவிகளை எடுத்துவந்து, இதோ இருக்கிறது என்று டொக்டர்களிடம் சொன்னார். பதில் இல்லை. இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்து ஒரு கட்டிலை ஒழுங்குசெய்துவிட்டு வந்து சொன்னார். என்ன பெரிதாக நடந்துவிட்டது என்பதுபோல டொக்டர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் திரும்பிப்போய், கட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்ன செய்யவேண்டும் என்று தங்களுக்குத் தெரிந்திருந்தது, அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்று அந்தத் தாதிமார் பின்னர் விசாரணையில் சொன்னார்கள்.

படம் முடிந்தபோது எங்களில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். சிகரெட் குடிக்கப் போனார் என்று படிப்பித்தவர் நினைத்திருப்பார்.

அன்றிரவு அறைக்கு வந்து, கழுத்தைத் திறப்பது என்றால் என்ன என்று எங்கள் படிப்பாளியைக் கேட்டோம். அவர் ஒவ்வொருவருடைய தொண்டையிலும் விரல் வைத்துக் காட்டினார். தொண்டைச் சங்கின் மேட்டிலிருந்து விரலை மெல்லக் கீழே இறக்கினால் ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். அதற்குக் கீழே மோதிரம்போல ஒரு கசியிழையம். அந்தப் பள்ளத்தில் தோலுக்கும் மூச்சுப்பாதைக்கும் இடையில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு சவ்வுதான். அவசரத்தில் வெட்டுவது அங்கே. ஆறுதலாகத் திட்டமிட்டுச் செய்வதென்றால் இன்னும் கீழே, வாதனாளியின் இரண்டாம் மூன்றாம் வளையங்களின் அளவில் துளையிட்டுக் குழாய் வைப்பார்கள். வாதனாளி என்றால் மூச்சுக்குழாய்தான். எங்களூர்ப் பாடப்புத்தகம் கொடுத்த பெயர் அது. எத்தனை நாடு கடந்தாலும் சில சொற்கள் மறப்பதில்லை.

கேட்க எளிதாக இருந்தது. ஆனால் கொழுத்த கழுத்தில் அந்தப் பள்ளம் விரலுக்குத் தட்டுப்படாது. இரத்தம் பெருகினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. குழாய் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் பக்கத்துத் தசைக்குள் ஒரு பொய்வழியை உண்டாக்கிக்கொண்டு போய்விடலாம். அப்போது ஊதுகிற காற்றெல்லாம் தோலின் கீழே பரவிக் கழுத்தும் முகமும் ஊதிப்போகும். நெஞ்சறைக்குள் காற்றுப் புகுந்து நுரையீரல் சுருங்கிப்போகும். குழாய் வைத்த முதல் நாட்களில் அது நழுவினால் நிலைமை இன்னும் மோசம். துளை இன்னும் ஆறி ஒரு வழியாகியிருக்காது. பதற்றத்தில் திரும்பச் செருகினால் அதே பொய்வழிக்குள் போகும். காய்ந்த சளியே குழாயை அடைத்துவிடலாம். ஆகவே கத்தியை எடுக்கத் தயங்குகிற டொக்டரைக் கோழை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த மூவரும் தயங்கினார்கள் என்பதைவிட, அப்படி ஒரு வழி இருப்பதே அந்த நேரத்தில் அவர்களுடைய கண்ணில் படவில்லை என்பதுதான் பொருத்தம். கண்ணில் பட்டவர்கள் தாதிமார்.

பிரித்தானியாவில் 2008 செப்டம்பர் தொடக்கம் ஒரு வருடம், மூச்சுப்பாதை சம்பந்தமாக ஆஸ்பத்திரிகளில் நேர்ந்த பாரதூரமான சம்பவங்களை மயக்க மருந்து நிபுணர்களின் றோயல் கல்லூரியும் கடின மூச்சுப்பாதைச் சங்கமும் சேர்ந்து திரட்டின. 2011இல் அறிக்கை வெளிவந்தது. 184 சம்பவங்கள், 38 மரணங்கள். அவசரத்தில் மெல்லிய குழாயை ஊசிபோலக் கழுத்தில் குத்திச் செய்த முயற்சிகளில் 60 வீதமளவு தோற்றுப்போயிருந்தன. கத்தியால் திறந்தவை பெரும்பாலும் பலித்திருந்தன. 2015இல் வந்த புதிய வழிகாட்டல் கத்தியைக் கையிலெடு என்று நேராகச் சொன்னது. அதே அறிக்கையில் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றிய பகுதியை எங்களால் ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை. கழுத்தில் குழாய் வைத்துக் கிடத்தியிருந்த நோயாளியைப் புரட்டும்போது குழாய் நழுவியிருக்கிறது. வெளியேறும் மூச்சில் காபனீரொட்சைட்டு இருக்கிறதா என்று காட்டுகிற கருவி பொருத்தியிருந்தால் உடனே தெரிந்திருக்கும். பல கட்டில்களில் அது பொருத்தியிருக்கவில்லை.

இன்னொரு வகை மரணத்தையும் சொல்லவேண்டும். மூச்சுக்குழாயின் முன்னால், நெஞ்செலும்பின் மேல்விளிம்புக்குப் பின்னால், ஒரு பெரிய நாடி குறுக்கே போகிறது. துளையை அளவுக்குமேல் கீழே வைத்துவிட்டாலோ, குழாயின் நுனியோ அதைச் சுற்றியுள்ள காற்றுப்பையோ நாட்கணக்கில் அழுத்தினாலோ, நாடியின் சுவர் அரிபட்டு உடைந்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களுக்குள் இது நடக்கும். உடைந்தால் தப்புகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் அரைவாசிப் பேரளவில் அதற்கு முன்னமே ஒரு சிறு கசிவு வந்து நின்றுவிடுகிறது. எச்சரிக்கை இரத்தம். அதைக் காண்பது யார்? இரவு இரண்டு மணிக்குச் சளியை உறிஞ்சி எடுக்கிற தாதி. தலையணை உறையை மாற்றுகிற உதவியாளர், அவர் பெரும்பாலும் எங்களைப்போல எங்கிருந்தோ வந்த ஒருவர். அவர் துடைத்துவிட்டுப் போகலாம். யாரிடமாவது ஒருதரம் சொல்லிவிட்டும் போகலாம்.

இது இன்று நேற்று வந்த விசயமும் அல்ல. 1799 டிசம்பர் 14 அன்று ஜோர்ஜ் வாஷிங்ரன் தொண்டை அடைபட்டு மூச்சுக்குத் திணறிக் கிடந்தபோது மூன்று டொக்டர்கள் நின்றார்கள். மூவரில் இளையவர் இலைஷா டிக். இனி இரத்தம் எடுக்கவேண்டாம், மூச்சுக்குழாயைத் திறப்போம் என்று அவர் சொன்னார். மூத்தவர்கள் சம்மதிக்கவில்லை. அன்றிரவு வாஷிங்ரன் இறந்தார். பிரேத பரிசோதனை நடக்கவில்லை. என்ன நோயால் செத்தார் என்று டொக்டர்கள் இன்னும் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அறையில் அடிமைகளும் நின்றார்கள். கிறிஸ்ரோபர் என்பவர் காலையிலிருந்து கட்டிலடியில் நின்றதைக் கண்டு பின்னேரம் வாஷிங்ரனே அவரை இருக்கச் சொன்னார் என்று செயலாளர் குறித்துவைத்திருக்கிறார். கிறிஸ்ரோபர் கண்டது என்ன, நினைத்தது என்ன என்பது எங்கேயும் குறிக்கப்படவில்லை.

மரணத்துக்குப் பிறகு உடல் சட்ட வைத்திய அதிகாரியிடம் போகிறது. இதைப்பற்றி எங்கள் படிப்பாளி நூல்நிலையத்தில் தேடி வாசித்து எங்களுக்குச் சொன்னார். முதல் விதி, குழாயைக் கழற்றாமல் அனுப்புவது. உறவினர் வந்து பார்க்கமுன் உடலைத் துப்புரவாக்குவோம் என்று நல்லெண்ணத்தோடு யாராவது கழற்றிவிட்டால், குழாய் எங்கே இருந்தது என்ற கேள்விக்கே விடை இல்லாமல் போகலாம். அடுத்த விதிதான் எங்களை நிறைய நாள் யோசிக்க வைத்தது. கழுத்தைக் கடைசியாகத் திறக்கவேண்டும். முதலில் மூளையை எடுத்து, நெஞ்சறை உறுப்புகளையும் எடுத்து, கழுத்து நாளங்களிலுள்ள இரத்தம் வடிந்துபோன பிறகே கழுத்துத் தசைகளைப் படைபடையாக விலக்கிப் பார்ப்பார்கள். முந்திக் கைவைத்தால், பரிசோதிப்பவரின் கத்தியே தசைக்குள் இரத்தத்தைக் கசியவைத்து, உயிரோடு இருக்கும்போது பட்ட காயம்போலக் காட்டிவிடும். அதாவது குற்றம் தேடுகிறவனின் கை தானே ஒரு குற்றத்தின் அடையாளத்தை உண்டாக்கிவிடக்கூடும். எங்கள் சமூகத்தில் துரோகி தேடிய காலங்களை நினைத்துக்கொண்டோம். அப்போது ஒருவரும் இரத்தம் வடியும்வரை பொறுத்திருக்கவில்லை.

பொய்வழியில் போன குழாயை உடல் காட்டிக்கொடுக்கும். அரிபட்ட நாடியையும் காட்டிக்கொடுக்கும். ஓட்டையும் குழாயின் நுனியும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும். ஆனால் ஒட்சிசன் கிடைக்காமல் செத்த உடல், அது ஏன் கிடைக்காமல் போனது என்று பெரும்பாலும் சொல்லாது. இலேன் புரோமிலியின் கழுத்தில் வெட்டு இல்லை. செய்யப்படாத ஒரு காரியத்துக்கு உடலில் அடையாளம் ஏது? அதைச் சொல்லக்கூடியவை கருவிகளின் பதிவும் மணிக்கூடும், அந்த அறையில் நின்ற மனிதர்களும்தான். அவர்கள் வாய் திறக்கவேண்டும்.

இலேனின் கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. எப்போது விசாரணை தொடங்கும் என்று அவர் ஆஸ்பத்திரியைக் கேட்டபோது, வழக்குப் போட்டாலோ முறைப்பாடு செய்தாலோ ஒழிய அப்படி ஒன்று நடப்பதில்லை என்ற பதில் வந்தது. விமானத் தொழிலில் அப்படி ஒரு பதிலைக் கேட்டுப் பழகாத மனிதர் அவர். 1977 மார்ச் 27இல் தெனெரீவ் தீவில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் செத்தார்கள். புகார் மூடியிருந்தது. கேஎல்எம் விமானம் ஓடத் தொடங்கியபோது அதிலிருந்த பொறியியலாளர், மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்டார். தலைமை விமானி விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். பொறியியலாளர் அதற்குப்பிறகு ஒன்றும் சொல்லவில்லை. சில விநாடிகளில் எல்லாம் முடிந்தது. இது எங்களுக்குத் தெரியவருவது விமானியறையில் குரல்களைப் பதிகிற கருவி இருந்தபடியால். கீழே உள்ளவன் சொல்வதைக் கேட்க மேலே உள்ளவனுக்கும், மேலே உள்ளவனிடம் திரும்பச் சொல்லக் கீழே உள்ளவனுக்கும் பயிற்சி கொடுக்கவேண்டும் என்பதை அந்தத் தொழில் இப்படிப்பட்ட மரணங்களிலிருந்துதான் கற்றது.

மார்ட்டின் வற்புறுத்தி ஒரு சுயாதீன விசாரணையைப் பெற்றார். பேராசிரியர் மைக்கல் ஹாமர் அதை நடத்தினார். நிமிடம் நிமிடமாக எல்லாம் வெளியே வந்தது. அந்த டொக்டர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். தான் விரும்பியதும் அதைத்தான் என்று மார்ட்டின் சொன்னார். இனி இந்தப் பாடத்தை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார் என்பது அவருடைய நியாயம். 2007இல் மருத்துவத்தில் மனிதத் தவறுகளை ஆராய ஓர் அமைப்பைத் தொடங்கினார். எங்கள் கதை மரபில் கணவனை இழந்தவள் சிலம்பை உடைத்துச் சாட்சி காட்டினாள். உள்ளேயிருந்தது முத்தல்ல, மாணிக்கம். அரசன் அந்த இடத்திலேயே செத்தான், ஊர் எரிந்தது. இந்த மனிதர் ஒன்றையும் எரிக்கவில்லை. கண்ணகி செய்தது பிழை என்று சொல்ல வரவில்லை. விசாரிக்காமல் கொன்ற அரசன் வேறு, காப்பாற்ற முயன்று தோற்ற டொக்டர் வேறு.

ஆனாலும் அறையில் இதைக் கதைத்தபோது சண்டைதான் வந்தது. எங்களில் மூத்தவர், வன்னியிலிருந்து கடைசிவரை நடந்து வந்தவர், “பாடம் கற்கிறதோ? இதை நாங்கள் கேட்டனாங்கள்தானே!” என்று எழும்பிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 2010இல் இலங்கை அரசு நியமித்த ஆணைக்குழுவின் பெயரே கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும். இங்கிலாந்தில் மரண விசாரணை அதிகாரி கேட்கிற கேள்விகள் நாலு: இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி. இன்னார் குற்றவாளி என்று தீர்ப்பில் எழுத 2009ஆம் ஆண்டுச் சட்டம் அவரை விடாது. இனியும் இப்படிச் சாவு வரலாம் என்று கண்டால் உரியவர்களுக்கு எழுதவேண்டிய கடமை மட்டும் 2013 முதல் அவருக்கு உண்டு. இதே மரண விசாரணை முறையைத்தான் வெள்ளைக்காரன் எங்கள் நாட்டிலும் வைத்துவிட்டுப் போனான். 1983 ஜூனில் வந்த அவசரகால ஒழுங்குவிதி 15ஏ அதைத் தூக்கி ஒருபக்கம் வைத்தது. மரண விசாரணை இல்லாமலே உடல்களைப் புதைக்கலாம், எரிக்கலாம் என்றாயிற்று. யார், எப்போது, எங்கே, எப்படி என்ற நாலு கேள்விகளையும் கேட்காதே என்று ஒரு விதி. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டபோது செய்திகளில் பார்த்துக்கொண்டிருந்தோம். மண்ணுக்குள் எலும்பு நிற்கும். தொண்டை நிற்காது.

அந்தச் சண்டையில்தான் எங்களுக்கு ஒன்று பிடிபட்டது. குற்றம் சுமத்தாமல் விடுவது ஒரு கொடை. அதைக் கொடுக்கக்கூடியவர் இழந்தவர். அவரும் நடந்தது முழுவதும் தன் கையில் கிடைத்தபிறகுதான் கொடுக்கலாம். மார்ட்டின் புரோமிலி கொடுத்தார். டொக்டர்களும் தாதிமாரும் வாய் திறந்து சொன்னபிறகு கொடுத்தார். செய்தவன் தானே எழுந்து, பழையதை விடுவோம், பாடம் படிப்போம் என்று சொன்னால் அது கொடையல்ல, களவு. மூத்தவர் இதற்கு ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி போடப் போனார். நாங்கள் பெரிய நியாயம் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துப் படுத்தோம். ஒருவருக்கு மட்டும் அன்றும் நித்திரை இல்லை.

இனிக் காரணத்துக்கு வருகிறோம்.

எங்கள் குசினிச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருட்கள். 2014 முதல் சாப்பாட்டுக் கடைகள் அவற்றைக் கேட்பவருக்குச் சொல்லவேண்டும் என்பது சட்டம். ஒரு சனிக்கிழமை இரவு. வந்த ரிக்கற்றில் பருப்புவகை ஒவ்வாமை என்று சிவப்பில் அடித்திருந்தது. ஷெஃப் அதற்குத் தனிச் சட்டி வைத்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். கடைசியில், கஜு அரைத்துச் சேர்த்த குருமாவுக்குள் கிடந்த அகப்பையை எடுத்து அந்தத் தனிச் சட்டியைக் கிண்டினார். ஒரு சுற்று, அவ்வளவுதான். தொட்டியடியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்ற எங்களில் ஒருவர் அதைக் கண்டார். “ஷெஃப், கஜு” என்றார். தண்ணீர் இரைச்சல், அடுப்பு இரைச்சல். ஷெஃப் திரும்பாமல் “யெஸ், யெஸ்” என்றார். அவருக்குக் கேட்டதா, வேறெதையோ கேட்கிறோம் என்று நினைத்தாரா, தெரியாது. கோப்பை எங்கள் கண்முன்னால் கதவைத் தாண்டிப் போனது. கை நீட்டினால் எட்டுகிற தூரம்.

கொஞ்ச நேரத்தில் வெளியே கதிரை விழுந்த சத்தம். கதவிலுள்ள வட்டக் கண்ணாடியால் பார்த்தோம். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும் ஒரு பெண் தன் தொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வீங்கியிருந்தது. மூச்சு உள்ளே இழுக்கும்போது ஊளைபோல ஒரு சத்தம். கூட வந்தவர் அவருடைய பையைக் கொட்டி, பேனைபோன்ற ஊசியை எடுத்துத் தொடையில் குத்தினார். அம்புலன்ஸ் வந்தது. ஒவ்வாமையில் வீங்குவதும் அதே மூச்சுப்பாதைதான், மருந்து பிடிக்காவிட்டால் அவர்களும் கடைசியில் தேடுவது கழுத்திலுள்ள அந்தச் சிறு பள்ளத்தைத்தான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அன்று மருந்து பிடித்தது. அவரைத் தூக்கிக்கொண்டு போனபிறகு நாங்கள் கோப்பை கழுவினோம். அந்தக் கோப்பையையும் கழுவினோம்.

அடுத்தநாள் மனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, யாராவது எதையாவது கண்டீர்களா என்று கேட்டார். ஒருவரும் காணவில்லை என்று சொன்னோம். தொட்டியடியில் நின்றவருக்கு அப்போது வேலைசெய்ய அனுமதி இல்லை. அகதி வழக்கு மேன்முறையீட்டில் கிடந்தது. சாட்சி சொன்னால் பெயர் எழுதவேண்டி வரும். ஷெஃப் கெட்ட மனிதரும் அல்ல. கைச்செலவுக்கு இல்லாத கிழமைகளில் கேட்காமலே காசு தந்தவர். மனேஜர் பெருமூச்சு விட்டு, சரி, யாரையும் குற்றம் சொல்லவேண்டாம், இனிக் கவனமாக இருப்போம் என்றார். அந்தப் பெண்ணின் வீட்டாருக்கு, வெளியிலிருந்து வாங்கிய தூளில் ஏதாவது கலந்திருக்கலாம் என்று எழுதினார்கள். இரண்டு கிழமையில் எங்களை முதலுதவி வகுப்புக்கு அனுப்பினார்கள்.

அறையில் அவரைத் தேற்றினோம். “நீ சொன்னனிதானே?”

“ஓம், ஒருக்காச் சொன்னனான்.”

“பிறகேன்ராப்பா யோசிக்கிறாய்?”

அவர் பதில் சொல்லவில்லை. இரண்டாம் தரம் சொல்லியிருக்கலாம். கோப்பையைத் தட்டிவிழுத்தியிருக்கலாம். அன்றே வேலை போயிருக்கும். அதற்குமேல் என்னவெல்லாம் போயிருக்கும் என்று தெரியாது. அந்தத் தாதிமாருக்கு இவ்வளவு பயம் இருக்க நியாயமில்லை, ஆனாலும் அவர்களும் ஒருதரம் சொல்லிவிட்டு நின்றார்கள். பயம் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட எங்களால் முடியவில்லை. மேலே நிற்பவருக்குத் தெரியாததா என்கிற ஒரு பழக்கம். நாங்கள் அதை ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறோம். வாத்தியாரிடம், விதானையாரிடம், பிறகு துவக்கு வைத்திருந்தவர்களிடம். வழக்கு முடிந்து அனுமதி கிடைத்தபிறகும் அவர் போய்ச் சொல்லவில்லை. நாங்களும் போகச் சொல்லவில்லை.

இதை எழுதுவதற்கு முன் நிறைய வாதாடினோம். தொட்டியடியில் நின்றவர் யார் என்று எழுதுவதில்லை என்று முடிவு. நாங்கள் என்று எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது என்பது தெரிந்துதான் அப்படி எழுதுகிறோம்.

மூன்று கிழமை கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு மடல் வந்தது. அம்புலன்சை உடனே கூப்பிட்டதற்கும் தன்னோடு அன்பாக நடந்துகொண்டதற்கும் குசினியில் உள்ளவர்கள் உட்பட எல்லோருக்கும் நன்றி என்று கைப்பட எழுதியிருந்தார். மனேஜர் அதைக் கொண்டுவந்து அந்த 14 பொருட்களின் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டினார். தொட்டியடியில் நின்றால் அது நேரே கண்ணில் படும். நீராவி பட்டு மை ஊறி, பெயரிருந்த இடம் முதலில் அழிந்தது. அடுத்த வருடம் சுவருக்கு வர்ணம் அடிக்க வந்தவர்கள் அதைக் கழற்றினார்கள். எங்கே போட்டார்கள் என்று தெரியாது.